பூனைக்கு ஒரு சாக்கு

"உக்கடம் மீன் மார்க்கெட்ல கொண்டுபோய் விட்டுருங்க சார். நாலு மீன் தலை கெடைக்கும். ராஜா மாதிரி பொழச்சுக்கும்."

கோவையில் பூனை வளர்க்கிறவர்கள் பலரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் யோசனை இது. சொல்பவர் கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், வீட்டு ஓனராக இருப்பார், சமயத்தில் சொந்த மாமியாராகவே இருப்பார். காரணமும் பொய்யில்லை. பூனை இரண்டு மாதமாக ஹாலில் போகிறது. சோபாவுக்கு அடியில் போகிறது. துவைத்து மடித்து வைத்த துணிமேல் போகிறது. மணல் தட்டு மூலையிலேயே இருக்கிறது, அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் போகிறது. வீடு நாறுகிறது. பொறுமை தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாக்குப் பை, ஒரு டூ வீலர். கதை முடிந்தது.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான். அந்தச் சாக்குக்குள் போவது ஒரு நோயாளி. வயிறு கெட்டுப்போன ஒரு ஜீவனை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் கௌரவமான வார்த்தைதான் 'பொழச்சுக்கும்'.

பிழைக்குமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூனை எல்லை பார்த்து வாழ்கிற பிராணி. மார்க்கெட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் பூனைகள் புது ஆளை வாங்க, உட்காருங்க என்று உபசரிக்காது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்குச் சண்டை போடத் தெரியாது. நாய் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. ஐஸ் பெட்டி இறக்கும் லாரி பின்னால் வருவது தெரியாது. இத்தனைக்கும் மேலே அதற்கு வயிறு சரியில்லை. பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாத உணவுகளில் மாட்டிறைச்சியோடு சேர்ந்து அடிக்கடி பிடிபடுவது எது தெரியுமா? மீன்! வயிற்றுப்போக்கில் படுத்தவரைக் கல்யாண மண்டப வாசலில் இறக்கிவிட்டு, 'நல்லா சாப்பிடுங்க' என்று கும்பிடு போட்டுவிட்டு வருவதற்கு இது சமம்.

அடுத்து, "அது வேணும்னே பண்ணுதுங்க, போன வாரம் திட்டினேன், அதுக்குப் பழி வாங்குது" என்று ஒரு தீர்ப்பு. நம் ஊரில் பாம்புக்கு அடுத்தபடி பழிவாங்கும் உத்தியோகம் பூனைக்குத்தான் கொடுத்திருக்கிறோம். உண்மையில் பூனை அளவுக்குக் கழிவை மறைக்க நினைக்கிற பிராணி வீட்டில் வேறு இல்லை. குட்டியாக இருக்கும்போதே, யாரும் சொல்லித்தராமல் மண்ணைத் தோண்டி மூடத் தெரிந்த ஜாதி அது. அப்படிப்பட்டது தட்டைத் தாண்டி வெளியே போகிறது என்றால் ஏதோ தவறி இருக்கிறது. ஒன்று, அவசரம் தாங்கவில்லை. அல்லது, தட்டில் உட்கார்ந்தபோதெல்லாம் வலித்ததால் தட்டைப் பார்த்தாலே பயம். அல்லது, தட்டு அதற்குச் சகிக்கவில்லை. மூன்றிலும் பூனையின் குற்றம் எதுவுமில்லை.

நம் குற்றம் இருக்கிறது. முதல் குற்றம் சமையலறையில் நடக்கிறது. பால்!

பூனை என்றால் பால் என்று நம் தலையில் எழுதி வைத்தாகிவிட்டது. பாலூட்டிக் குட்டிகளுக்குத் தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க ஒரு நொதி குடலில் சுரக்கிறது. பால்குடி மறந்த பிறகு அது பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துபோகும். அப்புறம் ஊற்றுகிற மாட்டுப்பால் ஜீரணமாகாமல் குடலில் புளித்து, நீராக வெளியே வரும். ஆசையாகக் குடிக்கிறதே என்பீர்கள். ஆசையாகக் குடிக்கிறது என்பதற்காக டாஸ்மாக் சரக்கை டானிக் என்று சொல்லிவிட முடியுமா? தெனாலிராமன் கதை ஞாபகமிருக்கும். கொதிக்கும் பாலை வைத்து, பாலைக் கண்டாலே ஓடுகிற மாதிரிப் பூனையைப் பழக்கிவிட்டான். சுட்டது கொடுமைதான். ஆனால் ராஜா கொடுத்த பூனைகளிலேயே வயிறு கெடாமல் இருந்தது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்!

பாலுக்கு அடுத்தது தயிர்சாதம், டீயில் தொட்ட பிஸ்கட், மசால் போட்ட குழம்புக் கறி. பூனை முழு மாமிச உண்ணி. அதன் உடம்புக்கு டாரின் என்ற ஒரு சத்து வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும். அது கிடைக்காத பூனைக்கு விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1975-ல் கண்டுபிடித்தார்கள். இதயமும் வீங்கிக் கெடும் என்று 1987-ல் தெரிந்தது. டாரின் இருப்பது இறைச்சியிலும் மீனிலும். சோற்றில் கிடையாது. 'எங்க பூனை சுத்த சைவமுங்க' என்று பெருமைப்படுகிறவர்கள் அதன் கண்ணையும் நெஞ்சையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் பெருமைப்படலாம்.

இரண்டாவது குற்றம் மருந்துக் கடையில். "பூனைக்கு வயித்தால போகுதுங்க, ஏதாச்சும் குடுங்க." அவரும் கொடுப்பார். மனிதனுக்குக் கொடுக்கிற மாத்திரையில் பாதி. நாலு நாள் நிற்கும். பத்தாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். மறுபடி பாதி மாத்திரை. இப்படியே ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் போனாலே அதை நாள்பட்ட வியாதியாகத்தான் மருத்துவம் பார்க்கிறது. குடலில் புழு இருக்கலாம். ஜியார்டியா மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். குடல் சுவரே வீங்கியிருக்கலாம். வயதான பூனைக்குத் தைராய்டு கூடியிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே மாத்திரையா? காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ஒரு பூனையைக் கொல்ல ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும்.

மூன்றாவது குற்றம் துடைப்பத்தோடு நடக்கிறது. பூனை போன இடத்தில் பாட்டில் பாட்டிலாக ஃபினாயில் ஊற்றுகிறோம். சில ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாராசிட்டமால் விஷமாவதும் அதனால்தான். ஃபீனால் வகைகளும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. கறுப்பு ஃபினாயிலில் இருப்பது தார் எண்ணெயிலிருந்து வரும் ஃபீனால்கள். வெள்ளையில் பைன் எண்ணெய். இரண்டுமே பூனைக்கு ஆகாது. ஈரத் தரையில் நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். அவ்வளவுதான் தேவை. ஏற்கெனவே புண்ணான வயிற்றுக்கு நாமே தினம் இரண்டு வேளை விஷம் கொடுத்துவிட்டு, 'எவ்வளவு சுத்தம் பண்ணியும் நிக்க மாட்டேங்குதே' என்று அலுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் என்னதான் செய்வது? பி.காம். படித்தவனிடம் கேட்டால் கணக்கு எழுதச் சொல்வேன். நிஜமாகவே சொல்கிறேன், பூனைக்கு ஒரு பேரேடு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் உள்ளே போனது: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. வலது பக்கம் வெளியே வந்தது: எத்தனை தடவை, எங்கே, எப்படி இருந்தது, சளியோ ரத்தமோ இருந்ததா, வாந்தி உண்டா. வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்து எழுதுங்கள். நிறைய நிறையப் போய் எடையும் இறங்கினால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடல் பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளி கலந்து போனால் பெருங்குடல் பக்கம். தட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். 'ஒரு மாசமாவே சரியில்லைங்க டாக்டர்' என்கிற ஒற்றை வரியைவிட, இந்த நோட்டு டாக்டருக்கு நூறு மடங்கு உதவும். கூடவே அன்றைய சாம்பிளை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள். ஒரு தடவை பார்த்து ஒன்றும் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். சில ஒட்டுண்ணிகள் தினமும் வெளியே வராது. வேறு வேறு நாளில் மூன்று தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

புழு மருந்து கொடுத்தாகிவிட்டது, பரிசோதனையிலும் ஒன்றும் இல்லையா? அடுத்தது சாப்பாட்டுச் சோதனை. அதுவரை சாப்பிட்டே இராத ஒரே ஒரு இறைச்சி, டாக்டர் சொல்லும் முறையில், குறைந்தது இரண்டு வாரம். நடுவில் ஒரு துண்டு பிஸ்கட்கூடக் கூடாது. சாப்பாட்டால் வந்த கோளாறு என்றால் பெரும்பாலும் அதற்குள்ளேயே வித்தியாசம் தெரிந்துவிடும். நம் வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம் ஒன்றுதான். அப்பா டயட் போடுவார், பாட்டி பாவம் பார்த்துப் பால் வைப்பார்.

ஓர் எச்சரிக்கை. ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பின்னிரவானாலும் டாக்டரைத் தேடுங்கள்.

தட்டுக்கும் ஒரு நியாயம் பேச வேண்டும். அமெரிக்காவில் 1947-ல் எட்வர்ட் லோ என்பவர் களிமண் துகளைப் பூனைத் தட்டுக்கு விற்க ஆரம்பிக்கும்வரை உலகம் முழுக்க மணலும் சாம்பலும்தான். அதனால் காசு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், சலித்த மணலே போதும். ஆனால் தட்டு பெரிதாக இருக்க வேண்டும், பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு. வயிறு சரியில்லாத பூனைக்கு விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். வாசனை போட்ட மணல் வேண்டாம். அந்த வாசனை நமக்குத்தான் பிடிக்கும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலோ வாஷிங் மெஷினுக்கு அடியிலோ வைக்கக் கூடாது. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும். தினம் இரண்டு தடவை அள்ள வேண்டும். ஃபிளஷ் பண்ணாத கக்கூஸில் நீங்கள் உட்காருவீர்களா?

அள்ளியதை என்ன செய்வது? கக்கூஸில் கொட்டாதீர்கள். களிமண் தண்ணீர் பட்டால் ஊதிக் குழாயை அடைக்கும். கோவையின் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் ஒன்று, நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவில், இதே உக்கடத்தில்தான் இருக்கிறது. வழியில் குழாய் அடைத்தால் குச்சியோடு வந்து நிற்கப்போவது யார்? மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும் இந்த நாட்டில் மனிதர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள்.

'யார் அள்ளுவது?' என்ற கேள்வியைத்தான் இந்த விவகாரத்தில் யாருமே கேட்பதில்லை. பூனை வேண்டும் என்று ஆசைப்பட்டது மகன். கொஞ்சி போட்டோ எடுப்பது மகள். அள்ளுவதும் கழுவுவதும் அம்மா, இல்லாவிட்டால் வேலைக்கு வருகிற அக்கா. நாள்பட்ட வயிற்றுப்போக்கு வந்த பிறகு அது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. அந்த அம்மா ஒரு நாள், "ஏனுங்க, எங்கியாச்சும் கொண்டுபோய் விட்டுப்போட்டு வாங்க" என்றால் அவரைக் கொடுமைக்காரி என்று சொல்ல எனக்கு மனசு வராது. அப்படிச் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளிவிட்டு, செல்போனில் மூழ்கியிருக்கும் மற்ற மூன்று பேரைத்தான் கேட்கிறேன். துடைப்பம் கை மாறினாலே பாதிப் பூனைகள் சாக்குக்குத் தப்பிக்கும்.

வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானவுடன் பூனையை நாடுகடத்துவது இன்னொரு வழக்கம். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிய பயம். பயம் நியாயமானதுதான், ஆனால் அரைகுறை. பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஓரிரு வாரம்தான் அந்தக் கிருமியை வெளியேற்றுகிறது. வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் கர்ப்பிணி அல்லாத ஒருவர் அள்ளினால் போதும். அரைவேக்காட்டு இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் அதே கிருமி வரும். அதற்காகச் சமையலறையை உக்கடத்தில் விட்டுவிட்டு வருகிறோமா?

சரி, அரசாங்கம்? 2019-ல் வெளிவந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு உண்டு, ஆடு உண்டு, கழுதை உண்டு, நாய் உண்டு, முயல் உண்டு, யானைகூட உண்டு. பூனைக்குக் கட்டம் இல்லை. எண்ணப்படாத பிராணிக்கு யார் திட்டம் போடுவார்கள்? நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலும் 2020-ல் வந்துவிட்டது. கொங்கு நாட்டின் காங்கேயம் காளைக்கும் பண்ணைக் கோழிக்கும் அது நியாயமானது, மாடு ஒரு குடும்பத்தின் சோறு. ஆனால் நகரத்து அரசு கால்நடை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரத்தில் இரண்டு மாலை நேரம் செல்லப் பிராணிகளுக்கென்று ஒதுக்கி, மலப் பரிசோதனை செய்து கொடுத்தால் எந்த மாடு பட்டினி கிடக்கும்? தனியார் டாக்டர்களையும் கேட்கிறேன். ஆயிரக்கணக்கில் டெஸ்ட் எழுதுவதற்கு முன்னால், 'பால் கொடுக்கிறீர்களா, தரையை எதால் துடைக்கிறீர்கள்' என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கட்டணத்தை வாசலில் எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கணக்குப் படித்த வாய் சும்மா இருக்காது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை. நாய், பூனை உணவு பாக்கெட்டுக்கு 18 சதவீதம். பூனை வளர்ப்பது பணக்காரப் பொழுதுபோக்கு என்பது டெல்லியின் நினைப்பு. உக்கடத்தின் லைன் வீடுகளில் எத்தனை பூனைகள் எலி பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அவர்கள் வந்து பார்க்கட்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். நியாயமான காரணமில்லாமல், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் தடவை அபராதம் எவ்வளவு? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! பூனையைக் கொண்டுபோய்விட ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு அதைவிட ஜாஸ்தி. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. உக்கடம், கோட்டைமேடு பக்கம் பல வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லும் ஒரு நபிமொழி உண்டு. பூனையை அடைத்து வைத்து, தானும் தீனி போடாமல், அதுவாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் என்பது அதன் சாரம். சட்டத்தைவிட அந்தப் பாட்டிமார்கள் இந்தக் குற்றத்துக்குச் சரியான விலை போட்டிருக்கிறார்கள்.

"மனுஷனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லாம கெடக்கறான், பூனைக்கு டெஸ்ட்டா?" என்று ஒரு குரல் கேட்கிறது. மதிக்க வேண்டிய கேள்வி. பதில் இதுதான். பாலை நிறுத்தக் காசு வேண்டாம், மிச்சம்தான் ஆகும். ஃபினாயிலை நிறுத்தக் காசு வேண்டாம், சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். தட்டை இடம் மாற்றக் காசு வேண்டாம். நோட்டு எழுதக் காசு வேண்டாம். இவற்றிலேயே சரியாகிவிடும் பூனைகள் நிறைய. எல்லாம் செய்தும் முடியவில்லை, வைத்துப் பார்க்கவே வழியில்லை என்றால், வியாதியை மறைக்காமல் சொல்லி, ஏற்றுக்கொள்கிற ஒருவரிடம் கொடுங்கள். தீராத வேதனை என்றால் அதை முடிக்கலாமா என்று டாக்டரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். வலிக்கிற முடிவுதான், ஆனாலும் நேர்மையானது. அதற்கும் மீன் மார்க்கெட்டுக்கும் சம்பந்தமில்லை.

தமிழில் 'சாக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்றில் பூனையைக் கட்டுகிறோம். இன்னொன்றை நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அடுத்த முறை யாராவது, 'உக்கடத்துல விட்டுருங்க, பொழச்சுக்கும்' என்றால் சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"பாலை நிறுத்திப் பார்த்தீங்களா?"